கதவு எண்ணுக்கு ஒரு பெட்டி

எங்க பெட்டிக்கு மூக்கு உண்டு, வாய் கிடையாது. எனக்கு வாய் உண்டு. அதனாலதான் இந்தத் தொழில்ல இதுவரைக்கும் ரெண்டு தடவை எச்சரிக்கை வாங்கியிருக்கேன். மூணாவது வந்தா லைசென்ஸ் போயிடும்னு ஆல்வின் காலையில காபி டம்ளரைக் கையில கொடுக்கும்போதே ஞாபகப்படுத்துவார். ஆல்வின் என் வீட்டுக்காரர், தொழில்லயும் கூட்டாளி. டக்ட் அவர் வேலை, பெட்டி என் வேலை. அவர் பேசவேண்டியதையும் சேர்த்து நானே பேசிடறதால வீட்ல சண்டை கொஞ்சம் குறைவு.

பெட்டின்னா என்னன்னு தெரியாதவங்க இப்ப திருச்சியில யாரும் இல்ல, இருந்தாலும் சொல்லிடறேன். பதினோரு மணிக்குச் சங்கு ஊதினா நாலு மணி வரைக்கும் வெளியே தலைகாட்ட முடியாத ஊராயிடுச்சு இது. சங்கு ஊதினப்புறம் "இதோ பக்கத்துல கடைக்குத்தானே"ன்னு கிளம்பினவங்க எத்தனையோ பேர் திரும்பி வரல. ரூமுக்கு ரூம் ஏசி மாட்டின காலமெல்லாம் மலையேறிப் போச்சு, அத்தனைக்கும் கரண்டு கிடையாது. அதனால கதவு எண்ணுக்கு ஒரே ஒரு காத்துப்பெட்டி. மேல கூரையை ஒட்டித் தொங்கும். அதுலேர்ந்து தகர டக்ட் பிரிஞ்சு ஒவ்வொரு ரூமுக்கும் குளிர்காத்தைக் கொண்டுபோகும். ரூம்ல சுத்தின காத்து, சுவர்ல கீழ இருக்கிற ஜாலி வழியாப் பெட்டிக்குத் திரும்பி வரும். மூக்கு அந்த ஜாலிக்குள்ளதான் இருக்கு. திரும்பி வர்ற மூச்சை மோந்து பார்த்து, எந்த உடம்பு ரொம்பச் சிரமப்படுதோ அந்தப் பக்கம் குளிரை அதிகமாத் தள்ளிவிடும். இருக்கிறதே கொஞ்சம், அதை முடியாதவங்களுக்கு முதல்ல கொடுப்போம்னு எந்தப் புண்ணியவானோ யோசிச்சுச் செஞ்சது.

யோசனை என்னவோ நல்லதுதான். நம்ம ஆளுங்க கையில கிடைச்சா சும்மா விடுவாங்களா? மாட்டின முதல் வருஷமே ஒரு ஹவுஸ் ஓனர், மாடியில குடியிருந்தவருக்கு நெஞ்சு சரியில்லைன்னு பெட்டியில பார்த்துட்டு, "என் வீட்ல சாவு விழறதுக்கு முன்னாடி காலி பண்ணு"ன்னுட்டார். ஒரு மாமியார், மருமக ரூம்ல எத்தனை மூச்சு வருதுன்னு உக்காந்து எண்ணிக்கிட்டிருந்தாங்க. அதுக்கப்புறம்தான் சட்டம் வந்துச்சு. மூக்கு சொல்றதைப் பார்க்கிற உரிமை மெக்கானிக்குக்கு மட்டும்தான். பார்த்ததை ஒரு பக்கத்துக்காரங்களுக்கோ மறுபக்கத்துக்காரங்களுக்கோ மூச்சு விடக்கூடாது.

உறையூர் வேலை தை மாசத்துல வந்துச்சு. நடுவுல சுவர் எழுப்பின வீடு. கிழக்குப் பாதியில அண்ணன் யுவராஜ், மேற்குப் பாதியில தம்பி பிரவீன். அறுபதைத் தாண்டினவங்களுக்கு இப்படியெல்லாம் பேரான்னு சிரிக்காதீங்க, அவங்க பொறந்த காலத்துல அதுதான் ஃபேஷன். பிரவீன் சம்சாரம் சின்ன வயசுலயே போய்ச் சேர்ந்துட்டாங்க. அவர் பொண்ணு நறுமுகையைக் குளிப்பாட்டி, தலைசீவி, ஸ்கூலுக்கு அனுப்பி வளர்த்ததெல்லாம் யுவராஜ் சம்சாரம் சுகன்யாம்மா. அந்தப் பொண்ணு கல்யாணப் பத்திரிகையில பெரியப்பா பேர் விட்டுப்போச்சு. சம்பந்தி வீட்ல அடிச்ச பத்திரிகை. "நான் கவனிக்கல"ன்னார் தம்பி. "கவனிக்காம விடற ஆளாயிட்டேனா நான்"னு கேட்டார் அண்ணன். கல்யாணத்துக்கே போகல. பேச்சு நின்னுச்சு, அப்புறம் சுவர் வந்துச்சு. இவருக்கு வாசல் கிழக்குத் தெருவுல, அவருக்கு மேற்குத் தெருவுல. ஆனா கார்ப்பரேஷன் கணக்குல இன்னும் ஒரே கதவு எண்தான். ஆகவே ஒரே பெட்டி.

பெட்டியை அண்ணன் வீட்டு நடையில தொங்கவிட்டோம். ஆல்வின் ரசமட்டத்தை வெச்சுப் பார்த்து, தண்ணி வடியற பக்கம் ஒரு நூல் சாய்ச்சுக் கட்டினார். அப்புறம் நடுச்சுவர்ல ஓட்டை போட்டு, ஒரு டக்டை அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போனார். யுவராஜ் ஐயா கையைப் பின்னால கட்டிக்கிட்டுக் கீழேயே நின்னார்.

"ஏம்மா ஜெசிந்தா, அந்தப் பக்கம் போறது மட்டும் ஏன் பெருசா இருக்கு?"

"ரெண்டும் ஒரே அளவுதாங்கய்யா."

"பார்த்தா பெருசாத் தெரியுதே."

"இந்தாங்க டேப்பு. நீங்களே அளந்துக்கங்க."

கிண்டலுக்குத்தான் சொன்னேன். மனுஷன் நிஜமாவே ஏணியில ஏறி ரெண்டையும் அளந்துட்டுத்தான் இறங்கினார்.

சுகன்யாம்மா வேற மாதிரி. எனக்கும் ஆல்வினுக்கும் இட்லி வெச்சு, தொட்டுக்க ரெண்டு சட்னி வெச்சு, பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா விசாரிச்சாங்க. பக்கத்துக்கு ஒரு மூக்கு. அவங்க பக்கத்து ஜாலிக்குள்ள இருக்கிறதைக் காட்டினேன், கட்டைவிரல் நகம் அளவு இருக்கும்.

"இதை மூடிட்டா என்னம்மா ஆகும்?"

"உங்க பக்கம் ஆளே இல்லைன்னு நெனச்சுக்கும். ஆள் இல்லாத வீட்டுக்குக் குளிர் எதுக்குன்னு எல்லாத்தையும் அந்தப் பக்கம் தள்ளிடும். அதனால இது முன்னாடி சாமான் வைக்கிறது, துணி தொங்கவிடறது எதுவும் கூடாதும்மா."

வேலை முடிஞ்சதும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ எல்லாம் எடுத்துட்டு வந்தாங்க. புது வண்டி வாங்கினா வைக்கிற மாதிரிதான். "பெட்டி மேல எங்க வேணா வைங்க, மூக்குல மட்டும் வெச்சுடாதீங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு வந்தேன்.

சித்திரையில யுவராஜ் ஐயா ஃபோன் பண்ணினார். "என் பக்கம் காத்தே வரல. அவன் பக்கம்தான் போகுது, எனக்குத் தெரியும். சரிபாதிப் பூட்டு போட்டுக் கொடு."

சரிபாதிப் பூட்டுங்கிறது டக்டுக்குள்ள வைக்கிற இரும்புத் தகடு. போட்டுட்டா மூக்கு பேச்சு எடுபடாது, எவன் எப்படிக் கிடந்தாலும் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். ரெண்டுல ஒரு பக்கம் கேட்டாலே போட்டுக் கொடுத்தாகணும்னு சட்டம். தகட்டைத் தூக்கிக்கிட்டுச் சங்குக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்தோம். நாங்க உள்ளே போய் ஏணியை விரிக்கவும் சங்கு ஊதவும் சரியா இருந்துச்சு. இனிமே நாலு மணிவரைக்கும் அந்த வீட்லதான்.

வீடா அது? அடுப்படி மாதிரி இருந்துச்சு. யுவராஜ் ஐயா பனியன் நனைஞ்சு உடம்போட ஒட்டிக்கிடந்துச்சு. பெட்டி சொல்றதை ஃபோன்ல திறந்து பார்த்தேன். மேற்குப் பக்கம் ரெண்டு பேர். ஒருத்தர் பச்சை. இன்னொருத்தர் மஞ்சள், அதுவும் வயித்துப்பிள்ளைக்காரி மூச்சு. பெட்டிக்கு அதெல்லாம் தெரியும். அட, நறுமுகை தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்திருக்கா! சரிபாதிப் பூட்டைப் போட்டா இந்த வெயில்ல அந்தப் பொண்ணு மஞ்சள்லேர்ந்து சிவப்புக்கே போயிடுவா. சொல்லவும் முடியாது.

அப்புறம்தான் கிழக்குப் பக்கத்தைப் பார்த்தேன். 'ஆள் இல்லை'ன்னு காட்டுது. ஆள் என் முன்னாடி நின்னு கத்திக்கிட்டிருக்கார்!

"ஐயா, நீங்க கொஞ்ச நேரம் ஹால்ல உக்காருங்க"ன்னு அனுப்பிட்டு, நடையில குனிஞ்சு ஜாலியைக் கழட்டினேன். மூக்கு மேல சந்தனம். சும்மா பொட்டு இல்ல, விரல் கனத்துக்கு அப்பி, அதுமேல குங்குமம், இன்னும் ஈரம் காயல. தூசி படிஞ்சா பெட்டி கண்டுபிடிச்சுக் கத்தும். ஈரச் சந்தனத்தை அதைச் செஞ்ச கம்பெனிக்காரன் கனவுலயும் நெனச்சிருக்க மாட்டான்.

"அடக் கடவுளே, தலைபாடா அடிச்சுச் சொல்லிட்டுப் போனேனே..."ன்னு ஆரம்பிச்சேன். என் கையைச் சுகன்யாம்மா பிடிச்சுக்கிட்டாங்க.

"அழிச்சுடாத ஜெசிந்தா. தெரிஞ்சுதான் வெச்சேன்."

நான் அவங்க முகத்தையே பார்த்தேன்.

"அந்த டக்ட் வழியா வளையல் சத்தம் கேக்குதும்மா. ஒரு கை நிறைய கண்ணாடி வளையல். வளைகாப்பு ஆயிடுச்சு, எங்களுக்குச் சொல்லல. இவர் காது மந்தம், இவருக்குக் கேக்கல. எனக்குக் கேக்குதே. அவ புரண்டு படுத்தா கேக்குது, எழுந்திரிச்சா கேக்குது. தாயில்லாப் பொண்ணு, என் கையில வளர்ந்தது. ஒரு கிண்ணம் புளிச்சாதம் கொடுத்தனுப்ப முடியுதா? இவர் விடமாட்டார், அவன் வாங்கமாட்டான். காத்தையாவது அனுப்புவோமேன்னுதான்." முந்தானையால முகத்தைத் துடைச்சாங்க. "நாங்க ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கோம்? கொஞ்சம் வேர்க்கும், அவ்ளோதானே?"

எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. எனக்கு அழுகை வந்தா கோபமாத்தான் வெளிய வரும். "நல்லா வெச்சீங்க போங்க! ஒரு நிமிஷம் துடைச்சுப் பார்த்துக்கறேன், அப்புறம் நீங்களே பூசுங்க, இன்னும் கனமா வேணா பூசுங்க, நான் எதையும் பார்க்கல"ன்னு சொல்லிட்டு, ஈரத்துணியால மூக்கைத் துடைச்சேன்.

மேல பெட்டி உறுமுச்சு. டக்டுக்குள்ள கதவெல்லாம் படபடன்னு திரும்புற சத்தம். மொத்தக் காத்தும் கிழக்குப் பக்கம் கொட்ட ஆரம்பிச்சுச்சு. ஃபோனைப் பார்த்தேன். எங்க ரெண்டு பேரைக் கழிச்சா ரெண்டு மூச்சு. ஒண்ணு பச்சை. இன்னொண்ணு சிவப்பு.

ஹால்ல யுவராஜ் ஐயா நாற்காலியில சாஞ்சு இடது தோளைத் தேய்ச்சுக்கிட்டிருந்தார். "நேத்துத் தூக்கம் சரியில்ல"ன்னார், யாரும் கேக்காமலே.

"என்னம்மா, ஏன் உன் முகம் இப்படிப் போகுது?"ன்னு சுகன்யாம்மா கேட்டாங்க. நான் ஏணி மேல இருந்த ஆல்வினைப் பார்த்தேன். மூணாவது எச்சரிக்கையைப் பத்தித் தினமும் பாடம் நடத்தற மனுஷன் அவர்தான்.

"சொல்லிடு ஜெசி"ன்னார்.

சொல்லிட்டேன். ஐயா நெஞ்சு சிவப்புல இருக்கு, இன்னைக்கு நேத்து இல்ல, கொஞ்ச நாளாவே இருந்திருக்கும், மூக்கு மூடியிருந்ததால பெட்டிக்குத் தெரியல, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கன்னு மூச்சு விடாமச் சொல்லிட்டேன். லைசென்ஸ் போனா போகட்டும், இட்லிக் கடை போட்டுக்கலாம்.

சுகன்யாம்மா அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. "ஐயோ, இவர் மூச்சை எடுத்தா அங்க கொடுத்தேன்?"

ஆல்வின் ஆம்புலன்ஸுக்குப் பேசினார். சங்கு நேரம், வண்டி வர முக்கால் மணி ஆகும், அதுவரைக்கும் குளிர்ல படுக்க வைங்கன்னு சொன்னாங்க. ஐயாவைப் பெட்டிக்கு நேரா நடையில பாய் போட்டுப் படுக்க வெச்சோம். அவர் "எனக்கு ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிக்கிட்டே படுத்தார்.

அப்பதான் சுவர்ல தடதடன்னு சத்தம். பிரவீன் அந்தப் பக்கத்துலேர்ந்து குத்தறார். "யாருய்யா காத்தை நிறுத்தினது? வயித்துப்பிள்ளைக்காரி இருக்கா இங்க! மயக்கம் வர்றமாதிரி இருக்குங்கறா!"

மந்தக் காதுக்கும் கேக்கற சத்தம் அது. யுவராஜ் ஐயா கண்ணைத் திறந்தார்.

"யாரு? முகையா?"

சுகன்யாம்மா தலையாட்டினாங்க.

"உனக்குத் தெரியுமா?"

அதுக்கும் தலையாட்டினாங்க.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

அவர் மேல பெட்டியைப் பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார். "பூட்டு போடத்தானே வந்தே? போடு. மொத்தமும் அந்தப் பக்கமே போற மாதிரிப் போட்டுடு."

"ஐயா, உங்க உடம்பு இருக்கிற இருப்புக்கு..."

"அறுபத்தஞ்சு வருஷமா மூச்சு விட்டாச்சும்மா. உள்ள இருக்கிறது இன்னும் ஒரு மூச்சுகூட விடல. போடுன்னா போடு."

எனக்கு வந்துச்சே கோபம். "போடமாட்டேன்! என்னய்யா நீங்க? பேசவே மாட்டேன்னு வீம்பு புடிச்ச மனுஷன், இப்ப உசிரைத் தூக்கிக் கொடுக்கறேன்னு அடுத்த வீம்பா? இந்தப் பெட்டி ஏன் திணறுது தெரியுமா? ரெண்டு வீடா குளிரப் பண்ணச் சொன்னா திணறத்தான் செய்யும். நாலு பேரும் ஒரே ரூம்ல இருந்தா அதுக்கு இது தாராளமாப் போதும். சிவப்புக்கும் போதும், மஞ்சளுக்கும் போதும்!"

கத்தி முடிச்சப்புறம்தான் உறைச்சுச்சு. ஒரே ரூம்ல எப்படிச் சேர்க்கிறது? இந்த வாசல்ல இறங்கி, தெருவைச் சுத்தி, அந்த வாசலுக்குப் போகணும். வெளிய சட்டி காயற மாதிரி காயுது. ரெண்டு பேருல யார் நடந்தாலும் பாதி வழி தாங்காது.

ஆல்வின் அதுக்குள்ள ஏணியை நடுச்சுவர்ப் பக்கம் நகர்த்தியிருந்தார். டேப்பைக் கிழிச்சு, ஸ்க்ரூவைக் கழட்டி, அந்தப் பக்கம் போற டக்டை அப்படியே உருவிக் கீழ வெச்சார். சுவர்ல சதுரமா ஒரு ஓட்டை. "நாலரை இஞ்சுச் சுவர்தான். ஓட்டையை நாம ஏற்கெனவே போட்டு வெச்சிருக்கோம், பெருசு பண்ணினாப் போதும்"னார்.

ஓட்டையில பிரவீன் முகம் தெரிஞ்சுச்சு. ஸ்டூல் மேல ஏறியிருக்கார்போல. அண்ணன் பாயில படுத்திருக்கிறதைப் பார்த்தார். முகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. ஆனா பேசினது என்கிட்டதான்.

"ஜெசிந்தா, உங்க பக்கம் இருக்கிறவர்கிட்ட கேளுங்க. சுவரை இடிக்கச் சம்மதமான்னு."

யுவராஜ் ஐயா கண்ணை மூடிக்கிட்டே என்கிட்ட சொன்னார். "அந்தப் பக்கம் இருக்கிறவன்கிட்ட சொல்லு. சுவரை நான் கேக்கவே இல்லைன்னு."

"அப்ப நானா கேட்டேன்னு கேளுங்க."

"கொத்தனாரைக் கூட்டிட்டு வந்தது யாருன்னு கேளு."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க!"ன்னு நான் போட்ட சத்தத்துல ஓட்டையிலேர்ந்து காரை உதிர்ந்துச்சு. அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டு ஆல்வின் சுத்தியலை ஓங்கினார்.

இந்தப் பக்கம் ஆல்வின் சுத்தியல், அந்தப் பக்கம் பிரவீன் கடப்பாரை. அம்மாடி, அந்த வயசுல அந்த மனுஷன் குத்தின குத்து! ஒவ்வொரு செங்கல்லா விழுந்து, ஓட்டை கீழ வரைக்கும் இறங்கி, குனிஞ்சு நுழையற அளவுக்கு வந்துடுச்சு. முதல்ல வளையல் சத்தம் வந்துச்சு. அப்புறம் வயித்தைப் பக்கவாட்டுல திருப்பிக்கிட்டு, சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு நறுமுகை வந்தா. வியர்வையில முடியெல்லாம் நெத்தியில ஒட்டிக்கிடந்துச்சு.

"பெரியப்பா"ன்னு கூப்பிட்டுப் பாய்கிட்ட உக்காந்தா. அவர் கையை மட்டும் நீட்டி, அந்த வளையலையெல்லாம் ஒண்ணொண்ணாத் தொட்டுப் பார்த்தார். சுகன்யாம்மா அவ தலையை இழுத்துத் தன் தோள்ல சாய்ச்சுக்கிட்டு, புருஷன் நெஞ்சைத் தடவிக்கிட்டே ஓன்னு அழுதாங்க.

பிரவீன் ஈரத்துண்டோட வந்து, அண்ணன் தலையைத் தூக்கித் தன் மடியில வெச்சுக்கிட்டார். துண்டை நெத்தியில போட்டார். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"அவன்கிட்ட சொல்லும்மா. துண்டை நல்லாப் பிழியச் சொல்லு. தண்ணி காதுக்குள்ள போகுது."

"சொல்லமாட்டேன்"னேன். "உங்க தலை அவர் மடியிலதான் இருக்கு. நீங்களே சொல்லுங்க."

பிரவீன் மூக்கை உறிஞ்சினார். "அண்ணே, அந்தப் பத்திரிகை..."

"இப்ப எதுக்குடா அது?"

அவ்வளவுதான். தம்பி குலுங்கிக் குலுங்கி அழ, அண்ணன் அவர் கையை எடுத்துத் தன் நெஞ்சு மேல வெச்சுக்கிட்டார். இத்தனை வருஷ வீம்பும் அந்த ஒரு 'டா'வுல முடிஞ்சுபோச்சு. கண்ணை மூடிக்கிட்டு நல்லா இழுத்து ஒரு மூச்சு விட்டார். "அப்பாடா, இப்பதான் ஜில்லுன்னு இருக்கு"ன்னார்.

ஃபோனைப் பார்த்தேன். சிவப்பு மங்கி மஞ்சளாயிருந்துச்சு. பக்கத்துல நறுமுகை மூச்சு பச்சையைத் தொட்டுக்கிட்டிருந்துச்சு. எனக்குப் பெருமை தாங்கல. எங்க பெட்டின்னா பெட்டிதான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

ஆம்புலன்ஸ் வந்துச்சு. கூட ஒருத்தர்தான் ஏறலாம்னாங்க. சுகன்யாம்மா எழுந்தாங்க. யுவராஜ் ஐயா வேண்டாம்னு கையைக் காட்டினார். "நீ பொண்ணோட இரு. இவன் வரட்டும். டேய், சட்டையை மாட்டிக்கிட்டு வா, இப்படியே ஏறிடாத." பிரவீன் காரைத் தூசியோட, மாத்துச் சட்டைகூடப் போடாம அப்படியேதான் ஏறினார். உசிருக்கு ஒண்ணும் பயமில்ல, நேரத்துக்குக் கொண்டு வந்துட்டீங்கன்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து பிரவீன் ஃபோன்ல சொன்னப்பதான் நான் ஃபோனைக் கீழ வெச்சேன்.

செங்கல் குவியல் மேலயே உக்காந்துட்டேன். "பார்த்தீங்களா?"ன்னு ஆல்வின்கிட்ட சொன்னேன். "எல்லாரும் ஒரே ரூமுக்கு வந்ததும் பெட்டி எப்படி வேலை செஞ்சுச்சு! அவர் வாயாலயே ஜில்லுன்னு இருக்குன்னார். சிவப்பு கண்ணு முன்னாடி மஞ்சளாச்சு!"

ஆல்வின் தலையைச் சொறிஞ்சார். கையில டக்ட் ஸ்க்ரூவையே உருட்டிக்கிட்டிருந்தார்.

"ஜெசி, திட்டாத."

"என்ன?"

"டக்டைக் கழட்டறப்ப மெயினை அணைச்சேன். அவசரத்துல மறந்துட்டேன். இன்னும் போடல."

"மூக்கு காட்டிக்கிட்டேதானே இருந்துச்சு?"

"மூக்குக்குத் தனி பேட்டரி."

நிமிர்ந்து பார்த்தேன். பெட்டி சத்தமில்லாமத் தொங்கிக்கிட்டிருந்துச்சு. மெயின் சுவிட்ச் அணைஞ்சுதான் இருந்துச்சு. முதல் செங்கல் விழறதுக்கு முன்னாடியிலேர்ந்தே அப்படித்தான் இருந்திருக்கு. அவரைத் திட்டலாம்னு வாயைத் திறந்தேன், சுவர் ஓட்டையைப் பார்த்ததும் மூடிக்கிட்டேன்.

சுகன்யாம்மா மடியில தலைவெச்சுப் படுத்திருந்த நறுமுகை, முந்தானையால விசிறிக்கிட்டே தலையைத் தூக்கினா. "அதானாக்கா இப்படி வேகுது? சீக்கிரம் போடுங்கக்கா!"